ஊருக்குத் தெரியலாம், உங்களுக்குத் தெரியக் கூடாதா?

ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள், யாரோ ஒரு பெண்மணியின் கர்ப்பப்பை ஆபரேஷன் விவரம் அத்தனையும் பஸ் முழுவதற்கும் தெரிந்துவிடும். சொல்வது நாத்தனாராக இருக்கலாம்; எதிர்வீட்டு மாமியாகவும் இருக்கலாம். ஆனால் அதே பெண்மணி ஆஸ்பத்திரிக்குப் போய், "மதுரையில் இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டும், என் பரிசோதனைக் காகிதங்களைக் கொடுங்கள்" என்று கேட்டால், "அதெல்லாம் ரகசியம் அம்மா, வெளியே கொடுக்கக் கூடாது" என்று பதில் வந்தாலும் வரும்! வேடிக்கையாக இல்லையா?

சகோதரிகளே, ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தத் துணியால் புண்ணை மூடுவது பிறர் கையும் தூசியும் படாமல் இருக்கத்தான். புண்பட்டவரின் கண்ணைக் கட்டுவதற்கு அல்ல. வைத்திய ரகசியமும் அப்படித்தான்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் இரண்டையுமே சொல்கின்றன. நோயாளியின் அந்தரங்கத்தை டாக்டர் வெளியிடக் கூடாது. கோர்ட் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ ஊருக்கோ நேரக்கூடிய பெரும் ஆபத்து, சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய காசம் போன்ற வியாதி - இவைதாம் விலக்கு. அதே விதிகளில், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் குறிப்புகளைத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் குறிப்புகளை 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். ஆகவே, ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் மதுரை டாக்டருக்கு விவரம் எழுதி அனுப்புவது கோள் சொல்வதல்ல; அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதியே.

உரியவருக்கே செய்தி எட்டாமல் போனால் என்ன நேரும் என்பதை நம் விருதுநகர் மாவட்டம் கண்டிருக்கிறது. 2016-ல் ஓர் இளைஞர் ரத்த தானம் செய்தார். பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தது; அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. 2018-ல் சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் மறுபடியும் ரத்தம் கொடுத்தார். அங்கேயும் அது பிடிபடவில்லை. அந்த ரத்தம் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. பிறகு வேறோர் இடத்தில் பரிசோதித்துக் கொண்டு, உண்மை தெரிந்ததும் தாமாகவே வந்து சொன்னவர் அந்த இளைஞர்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் எச்.ஐ.வி. தொற்றியது.

"கணவருக்கும் மாமியாருக்கும் எல்லாம் தெரிய வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நீங்கள் விரும்பினால் தாராளமாகத் தெரியலாம். ஆனால் வயது வந்தவரின் உடம்பைப் பற்றிய முதல் உரிமை அவருக்கே. கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதமே போதும். கணவரின் கையெழுத்து அவசியமில்லை. சட்டம் அனுமதித்தவர் தவிர வேறு யாரிடமாவது அவள் பெயரை டாக்டர் வெளியிட்டால், ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 2021-ல் வந்த திருத்தம் இது.

டாக்டரைக் கட்டுப்படுத்தும் விதி எதிர்வீட்டு மாமியைக் கட்டுப்படுத்தாது. ஆகையால் ஸ்கேன் படத்தை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்புமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். காகிதம் வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள். தேதி போட்டு, கடிதத்துக்கு ஒரு நகலும் வைத்துக் கொள்ளுங்கள். வந்த காகிதங்களைத் தேதிவாரியாக ஒரு பையில் போட்டு, நகைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஆபத்துக் காலத்தில் எது முதலில் கைகொடுக்கும் என்று யார் கண்டது?