டீசலில் வேண்டாம்... நிலக்கடலைக்கு வேண்டும்!

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையில் பஸ், சுற்றுலா வேன், சரக்கு வண்டி எனப் பலவும் டீசலில்தான் ஓடுகின்றன. காவிரியில் பரிசலுக்கு மட்டுமே துடுப்பு போதும். அந்த டீசலைச் சுத்தம் செய்யும்போது பிரித்தெடுக்கும் ஒரு பொருள், உரமாகவும் மருந்தாகவும் உங்கள் வயலுக்கு வருகிறது. அதுதான் கந்தகம்.

கச்சா எண்ணெயில் கந்தகம் இயற்கையாகவே உண்டு. அதை நீக்காமல் எரித்தால் கந்தக டை ஆக்சைடு வாயுவாகிப் புகையோடு வெளியேறும். இருமல், மூச்சிரைப்பை அதிகமாக்கும். நுண்துகளாக மாறி நுரையீரல் வரை இறங்கும். பயிரையும் விடாது. செங்கல் சூளையை ஒட்டிய மாந்தோப்புகளில் காயின் நுனி கறுப்பதற்குச் சூளைப் புகையில் உள்ள இந்த வாயுவும் ஒரு காரணம்.

எப்படி நீக்குகிறார்கள்?

சென்னை மணலியில் உள்ளது போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில், டீசலுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து, 300 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் அதிக அழுத்தத்திலும் கோபால்ட், மாலிப்டினம் கொண்ட வினையூக்கி வழியே செலுத்துகின்றனர். டீசலில் உள்ள கந்தகம் பிரிந்து, அழுகிய முட்டை வாடை கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகிறது. அந்த வாயுவிலிருந்து மஞ்சள் கந்தகத்தைத் தனியே எடுக்கின்றனர். சூப்பர் பாஸ்பேட் உரத்துக்கான கந்தக அமிலமும், சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் நனையும் கந்தகமும் இத்தகைய கந்தகத்திலிருந்து தயாராகின்றன.

1990களின் நடுப்பகுதி வரை நம் நாட்டு டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் 50 பி.பி.எம்., 2020 ஏப்ரல் 1 முதல் 10 பி.பி.எம். என உச்சவரம்பு குறைந்தது. அதாவது 10 லட்சம் பங்கில் 10 பங்குதான். ஆயிரம் லிட்டர் டீசலில் அன்று 8 கிலோ வரை இருந்த கந்தகம், இன்று 8 கிராம் அளவில்தான் இருக்கும்.

மண்ணில் கணக்கு நேர்மாறு

பயிருக்குக் கிடைக்கும் கந்தகம் மண்ணில் 10 பி.பி.எம்.-க்குக் கீழே போனால் பற்றாக்குறை. ஐரோப்பாவில் 1980களுக்குப் பின் காற்று சுத்தமானதும், புகை வழியே நிலத்தில் படிந்த கந்தகம் குறைந்து, கடுகு இனப் பயிர்கள் வெளிறின. அங்குள்ள விவசாயிகள் அதை உரமாக இடத் தொடங்கினர். நம் ஊரில் முக்கியக் காரணம் வேறு. கந்தகம் உள்ள சூப்பர் பாஸ்பேட், அம்மோனியம் சல்பேட்டை விட்டு, கந்தகம் இல்லாத டி.ஏ.பி., யூரியாவுக்கு மாறிவிட்டோம்.

எண்ணெய் வித்துப் பயிருக்கு கந்தகம் இன்றியமையாதது. தழைச்சத்து குறைந்தால் அடி இலை மஞ்சளாகும். கந்தகம் குறைந்தால் இளம் இலை முதலில் வெளிறும். மண் பரிசோதனையில் கந்தக அளவையும் கேளுங்கள். மண்வள அட்டையின் 12 அம்சங்களில் அதுவும் ஒன்று. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறலாம்.

நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுங்கள். இறவையில் 40-45ஆம் நாளும், மானாவாரியில் ஈரம் பார்த்து 40 முதல் 75ஆம் நாளுக்குள்ளும் செடியருகே இட்டு மண் அணையுங்கள். கந்தகத்தோடு, காய் திரள உதவும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்துக்கு ஜிப்சம் தவிர்க்கவும். மாம்பூவில் சாம்பல் நோய் கண்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். எண்ணெய் மருந்துகளோடும் கலக்கக் கூடாது.

டிராக்டர் கவனம்

புது டீசல் பழைய இன்ஜினைக் கெடுக்கும் என அஞ்ச வேண்டாம். கந்தகம் நீக்கும்போது குறையும் வழவழப்பை ஈடுகட்ட, ஆலையிலேயே தனிப்பொருள் சேர்த்துத்தான் அனுப்புகின்றனர். மண்ணெண்ணெய் கலப்பதுதான் ஆபத்து. அதில் கந்தகமும் அதிகம், வழவழப்பும் குறைவு. பம்பும் நாசிலும் தேயும். புதிய வண்டிகளில் புகை வடிகட்டியும் பழுதாகும். மலிவாகக் கிடைக்கிறதென்று கேனில் விற்கும் டீசலை வாங்காதீர்கள்; பங்கில் ரசீதோடு வாங்குங்கள்.