கலருக்கு மேல் எதை அடிப்பது?

1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் தயாராகத் தொடங்கியதிலிருந்து, ஓசூர் இரு சக்கர வண்டிகளோடு சேர்ந்து வளர்ந்த ஊர். அங்கே பிறந்த வண்டி பத்து வருடம் ஓடி, வெளுத்து, கீறல் விழுந்து, சாலையோரப் பெயிண்டிங் பட்டறைக்கு வரும்போது கலரை எல்லோரும் யோசித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் மேல் அடிக்கும் கிளியரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "நல்லா பளபளன்னு இருக்கணும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கலர் எத்தனை காலம் நிற்கும் என்பதோ அந்த நிறமற்ற படலத்தின் கையில் இருக்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 50 மைக்ரான். தலைமுடியின் பருமன்கூட இல்லை.

கேட்க வேண்டியது, அது எப்படிக் காய்கிறது என்பதை. லேக்கர் வகைக் கிளியர் என்பது தின்னரில் கரைத்த பிசின். தின்னர் ஆவியாகிப் போனதும் பிசின் படலமாகத் தங்கும். வேதிவினை எதுவும் நடப்பதில்லை. அதனால் மறுபடியும் கரையும். பங்கில் வழியும் பெட்ரோல் சில தடவை பட்டாலே டேங்க் மூடியைச் சுற்றி மங்கிப் பிசுபிசுப்பது இதனால்தான். ஸ்ப்ரே டப்பாவில் வரும் கிளியர் பெரும்பாலும் இந்த வகை. மழை நாளில் அடித்தால் இன்னொரு தொல்லை: தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, வெள்ளை பூத்துவிடும்.

பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர் வேறு விதம். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், அக்ரிலிக் பிசினோடு வினைபுரிந்து குறுக்கும் நெடுக்குமான வலையாகக் கெட்டியாகிறது. ஜெர்மனியில் ஓட்டோ பாயர் 1937-இல் கண்டறிந்த பாலியூரித்தேன் வேதியியல்தான் இது. ஆலையில் உலோக பாகங்களை 140 டிகிரி வரை சூடேற்றிப் படலத்தை இறுக்க முடியும். பட்டறையில் அந்த வசதி இல்லை. ஹார்டனர் அந்தக் குறையை ஈடுசெய்கிறது. வலை முழுதாக இறுகச் சில நாள் ஆகும். அதுவரை பெட்ரோல் வழியாமல் பார்த்துக்கொண்டால் பிறகு கவலையில்லை.

பி.யூ. என்ற பெயரை மட்டும் நம்பி மரச்சாமானுக்கு விற்பவற்றை டேங்கில் அடிக்கக் கூடாது. அவற்றில் சில அரோமாட்டிக் வகை, வெயிலில் மஞ்சளாகிவிடும். வண்டிக்கு வேண்டியது அலிபாட்டிக் வகை, அதிலும் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் சேர்த்தது. ஓசூரின் குளிர்ச்சி ஏமாற்றக்கூடியது. ஊர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும்.

அடியில் என்ன பெயிண்ட் இருக்கிறது என்பதும் முக்கியம். தின்னரில் நனைத்த துணியால் மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். கலர் துணியில் கரைந்து வந்தால் அது லேக்கர் வகை. சுருங்கிச் சுருக்கம் விழுந்தால் எனாமல். அதன் மேல் நேராக பி.யூ. அடித்தால் முழுதும் அப்படியே சுருங்கும். சுரண்டி, பிரைமரிலிருந்து தொடங்குவதே நல்லது.

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குப் பலகைக்கு மறுபூச்சு பூசுகிறவர்களுக்கும் இதே கேள்விதான்; அபாயம் மட்டும் கூடுதல். பலகையின் உள்ளே இருப்பது பாலிஸ்டைரீன் நுரை என்றால், மேலே ஓர் ஊசித்துளை இருந்தாலும் தின்னர் உள்ளே இறங்கி நுரையைக் கரைத்துவிடும். பலகை அலையில் வளைந்து நிமிர்வதால், படலமும் விரிசல் விடாமல் வளைய வேண்டும்.

பி.யூ.வைப் பரிந்துரைக்கும்போது எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஸ்ப்ரே கன்னிலிருந்து பறக்கும் ஐசோசயனேட் துளிகள் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலே மூச்சு திணறும். பெயிண்டர் தொழிலையே விட நேரிடும். மூக்கில் கட்டும் துண்டும் துணி முகக்கவசமும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் வேண்டும். வண்டியைக் கொடுக்கும் முன், அந்த முகக்கவசம் பட்டறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்காகக் கூலி கூட்டிக் கேட்டால் பேரம் பேசாதீர்கள்.