வலி அடங்கினால் நோய் அடங்குமா?

எங்கள் கிளையில் ஓய்வூதியம் பெறும் ஆசிரியை ஒருவர் அச்சுக் கோத்தாற்போல் கையொப்பமிடுபவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய காசோலை ஒன்று, கையொப்பம் ஒத்துவரவில்லை என்று என் மேசைக்கு வந்தது. அவரை அழைத்துக் கேட்டேன். பதிலாகக் கையை நீட்டிக் காட்டினார். விரல் கணுக்கள் வீங்கி, விரல்கள் சற்றே கோணியிருந்தன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்திற்கு மேல் விரல்களை மடக்க இயலவில்லை என்றும், மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரைகளால் ஈராண்டுகளாகச் சமாளித்து வருவதாகவும் கூறினார். பின்னர் மருத்துவர் அதனை முடக்குவாதம் என உறுதிசெய்தார்.

நான் வணிகவியல் படித்தவன். ஆயினும், ஈராண்டுகள் மாத்திரை உண்டும் விரல்கள் ஏன் கோணின என்னும் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததில், விடை நொதிகளில் இருப்பதை அறிந்தேன். என்சைம் என்று நாம் பள்ளியில் கேள்விப்பட்ட இப்புரதங்கள், உடலில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்துபவை.

முடக்குவாதத்தில், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் மூட்டின் உட்புறத்தில் படர்ந்துள்ள மெல்லிய சவ்வையே பகையெனக் கருதித் தாக்குகிறது. தடித்து வீங்கும் அச்சவ்வில் இருவேறு நொதிக் கூட்டங்கள் ஒரே வேளையில் இயங்குகின்றன. ஒன்று சைக்ளோஆக்சிஜனேஸ். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புராஸ்டகிளாண்டின்களை உருவாக்குவது இதுவே. ஆஸ்பிரின் இவ்வுற்பத்தியைத் தடுத்தே வலியைத் தணிக்கிறது என்பதை இங்கிலாந்தின் ஜான் வேன் 1971இல் வெளிப்படுத்தினார். 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மற்றது கொலாஜெனேஸ் வகை. இதன் கதை தவளையிலிருந்து தொடங்குகிறது. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? வாலிலுள்ள கொலாஜன் என்னும் உறுதியான நார்ப்புரதத்தைக் கரைக்கும் நொதியை ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் ஆகிய இருவரும் 1962இல் கண்டனர். இத்தகைய நொதி முடக்குவாத நோயாளிகளின் மூட்டுச் சவ்விலும் சுரப்பது 1967இல் அறியப்பட்டது. நம் குருத்தெலும்பும் கொலாஜனால் ஆனதே. நலமான மூட்டில் இந்நொதிகளும் அவற்றைக் கட்டுப்படுத்தும் புரதங்களும் வரவு செலவு போல் ஈடுகட்டி நிற்கின்றன. முடக்குவாதத்திலோ செலவு மிஞ்சுகிறது, முதலே கரைகிறது.

ஆசிரியை உண்ட மாத்திரைகள் முதல் நொதியை மட்டுமே அடக்கின. வலி குறைந்தது, அரிப்பு நிற்கவில்லை. அபாய மணியை நிறுத்திவிட்டுப் பெட்டகத்தைத் திறந்தே வைத்ததற்கு ஒப்பானது இது. நெடுநாள் உண்டதால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படக்கூடும் என்பது வேறு.

நோயின் வேகத்தையே தணிக்கும் மருந்துகளுள் முதலிடம் பெறுவது மெத்தோட்ரெக்சேட். அதுவும் நொதிகளைத் தடுத்தே செயல்படுகிறது. அமெரிக்காவில் அதனை உருவாக்கிய ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர், ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ். புற்றுநோய்க்கென வந்த அம்மருந்தை, முடக்குவாதத்திற்குக் குறைந்த அளவில் வழங்க அமெரிக்க அரசு 1988இல் ஒப்புதல் அளித்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முடக்குவாதத்திற்கு இம்மருந்து வாரம் ஒருமுறை மட்டுமே உண்ணப்படுவது. தவறுதலாக நாள்தோறும் உண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. இரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் உரிய இடைவெளியில் தேவை. கருவுற்றவர்கள் இதனைத் தொடவே கூடாது. கை மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வாதநோய் மருத்துவரைக் காண்பது நலம். கரைந்த குருத்தெலும்பை மீட்டுத் தரும் மருந்து இன்றளவும் இல்லை.

கையொப்பமிட இயலாத நிலை வந்தாலும் வாடிக்கையாளர் அஞ்ச வேண்டியதில்லை. வங்கி அறிந்த இரு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை பதித்துப் பணம் பெறலாம். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். ஆசிரியைக்கு அது தேவைப்படவில்லை. சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் வந்து, புதிய மாதிரிக் கையொப்பம் பதிவுசெய்து சென்றார். பழைய அழகு அதில் இல்லை. கூடவே எங்கள் வங்கி நாட்காட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, என் மேசையிலேயே அமர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.