தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று

செட்டிநாட்டு ஊர்களில் குடிநீர் ஊருணிக்கென்று தனிக் கட்டுப்பாடு உண்டு. அதில் குளிக்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. மாடுகளை இறக்கக் கூடாது. தேங்கிய நீரில் கழிவு சேரக் கூடாது என்னும் அந்த எச்சரிக்கை, இன்று காரைக்குடி வீடுகளின் கூடத்தில் இருக்கும் சிறிய மீன் தொட்டிக்கும் பொருந்தும்.

ஊருணியைக் கட்டுப்பாட்டால் காக்கலாம். மீன் தொட்டியிலோ கழிவு சேருவதைத் தவிர்க்க முடியாது. மீனின் கழிவும், அது உண்ணாமல் விட்ட இரையும் அம்மோனியாவாக மாறுகின்றன. நிறமற்ற அந்த நஞ்சு, நீர் பளிங்குபோல் இருக்கும்போதே மீனின் செவுள்களைச் சிதைத்துவிடும். அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். அவை தங்குவதற்கு இடமளிப்பதே வடிகட்டியின் முதற்பணி. நீரைத் தெளிய வைப்பது இரண்டாவதுதான்.

இதை அறியாமல், வேகமாக இறைக்கும் கருவியே சிறந்தது என்று பலரும் வாங்கிவிடுகின்றனர். 20 லிட்டர் தொட்டியில் மணிக்கு 300 லிட்டர் இறைக்கும் மோட்டாரைப் பொருத்தினால், நீர் முழுவதும் மணிக்கு 15 முறை சுழலும். வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர் பெற்ற சென்னை கொளத்தூரில் பெருமளவில் விற்பனையாகும் ‘ஃபைட்டர்’ மீனின் தாயகம், தாய்லாந்து போன்ற நாடுகளின் வயல்களும் சதுப்புகளும் ஆகும். நீண்ட துடுப்புகளைச் சுமந்தபடி ஓயாமல் எதிர்நீச்சல் போட நேர்ந்தால் அது சோர்ந்து நோயுறும். நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதனாலேயே வடிகட்டி தேவையில்லை என்று கருதிச் சின்னஞ்சிறு கண்ணாடிக் குடுவையில் அடைப்பதும் தவறு. அம்மோனியா அதையும் விட்டுவைப்பதில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி, ‘ஸ்பாஞ்ச் ஃபில்டர்’ எனக் கடைகளில் கிடைக்கும் எளிய கருவியாகும். ஏர் பம்ப் அனுப்பும் காற்றுக் குமிழிகள் குழாய் வழியே மேலெழும்போது, நீர் மெதுவாகப் பஞ்சினூடே ஈர்க்கப்படுகிறது. மீன்குஞ்சுகளும் அதில் சிக்குவதில்லை. குமிழிகள் மிகுதியாக இருந்தால், காற்றுக் குழாயில் ஒரு சிறு வால்வைப் பொருத்திக் குறைத்துக்கொள்ளலாம். பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைப்பது அவசியம்; இல்லையேல் மின்தடையின்போது நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பைப் பழுதாக்கும். சிவகங்கைச் சீமையின் கோடையில் இன்னொன்றையும் கருத வேண்டும். நீர் சூடேற ஏற அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும். ஆகவே, வெயில் படாத இடத்தில் தொட்டியை வைப்பதும், இரையை அளவோடு இடுவதும் நல்லது.

பஞ்சைக் குழாய்நீரில் கசக்கிப் பிழிவதே பலரும் செய்யும் பெரும்பிழை. குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து மாற்றுவதற்காக எடுத்த பழைய நீரில் மெல்ல அலசினாலே போதும். புதிய தொட்டியில் பாக்டீரியாக்கள் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும் என்பதால், முதல் நாளே மீன்களை நிறைத்துவிடலாகாது.

குழந்தைகள் பலர் முதன்முதலாகப் பொறுப்பேற்கும் உயிர் மீன்தான். வாரந்தோறும் ஒரு மீன் செத்து மிதந்தால், செத்ததை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவதே உலக வழக்கம் என்று அக்குழந்தை புரிந்துகொள்ளும். அந்தப் பாடத்தைத் தவிர்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு துண்டுப் பஞ்சும் சற்றுப் பொறுமையும் போதும்.