வயிற்றில் காற்று! ஆபரேஷன் அவசரமா?

வயிற்றில் காற்று இல்லாத மனிதர் கிடையாது. இரைப்பையிலும் குடலிலும் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். ஏப்பமாக வரும், கீழேயும் போகும். அதனால் ஆபத்து இல்லை.

குடலை விட்டு வெளியே வந்த காற்றுதான் ஆபத்து! சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்தால் காற்று வெளியேறுகிறது அல்லவா? அதுபோல, இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை விழுந்தால் காற்று வயிற்றறைக்குள் வந்துவிடும்.

கறுப்புப் பிறை

நோயாளியை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். வெளியேறிய காற்று மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையின் கீழே தங்கும். படத்தில் கறுப்புப் பிறை போலத் தெரியும். மிகக் கொஞ்சமான காற்றையும் சி.டி. ஸ்கேன் காட்டிவிடும்.

இரைப்பைப் புண் முற்றினால் ஓட்டை விழலாம். வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவோருக்கும் இந்தப் புண் வரும். ஓட்டை விழுந்ததும் கத்தியால் குத்தியது போல் வலிக்கும். வயிறு பலகை போல் இறுகும். மணிக்கு மணி விஷம் ஏறும்.

1892-ல் ஜெர்மனியில் ஹாய்ஸ்னர் என்ற டாக்டர், இத்தகைய ஓட்டையைத் தைத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். இன்று இது பல ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஆபரேஷன்.

கத்தி வேண்டாத காற்று

படத்தில் காற்று தெரிந்தாலே கத்தி எடுப்பதா? இல்லை.

வயிற்றில் ஆபரேஷன் செய்தவருக்குச் சில நாள் வரை உள்ளே காற்று தங்கலாம். அது தானே மறையும். சிலருக்குப் பெருங்குடல், கல்லீரலுக்கு மேலே ஏறி நிற்கும். அதுவும் படத்தில் பிறை போல் ஏமாற்றும். 1910-ல் சிலைடிடி என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார்.

குடல் சுவருக்குள்ளும் காற்றுக் குமிழிகள் தெரிவதுண்டு. வலி இல்லாதவருக்கு இது பெரும்பாலும் கெடுதல் செய்யாது. கடும் வலியும், ரத்த அழுத்த வீழ்ச்சியும் சேர்ந்தால், ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகுகிறதோ என்று டாக்டர்கள் அஞ்சுவார்கள். அப்போது காத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே டாக்டர் படத்தை மட்டும் பார்ப்பதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். நாடி, காய்ச்சல், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தே முடிவு செய்கிறார். முதியவர்களுக்கு வலி குறைவாகவே தெரியலாம். அவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

வீட்டில் என்ன செய்வது?

திடீரென்று கடும் வயிற்று வலியா? சோடா கொடுக்காதீர்கள். பேதி மருந்து கொடுக்காதீர்கள். சாப்பாடும் வேண்டாம். விழுங்கிய மாத்திரைகளை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

"வாயுதான், விடிந்தால் சரியாகிவிடும்" என்று படுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சில மணி நேரம்தான் உயிரைக் காக்கும்!