வாசலில் நில்லுங்கள்



யூத மக்கள் 'தோரா' எனப்படும் விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரந்தோறும் தொழுகைக்கூடத்தில் வாசித்து, ஓராண்டில் நிறைவு செய்கிறார்கள். பத்துக் கட்டளைகள் இடம்பெறும் பகுதிக்கு அடுத்த பகுதியிலேயே கடன், அடகு, வழிதவறிய மாடு பற்றிய சட்டங்கள் வந்துவிடுகின்றன. சீனாய் மலையில் இடிமுழக்கத்தோடு பேசிய கடவுள், உடனே நம் வீட்டுக் கணக்கு நோட்டைத் திறந்து பார்க்கிறார்!

இதே சட்டத்தை நாமும் திருப்பலியில் கேட்கிறோம். 2023 அக்டோபர் 29, பொதுக்காலம் 30ஆம் ஞாயிறு முதல் வாசகம் இதுவே (விப 22:21-27). ஏழையிடம் வட்டி வாங்கக் கூடாது. அவருடைய மேலாடையை அடகாகப் பெற்றால் கதிரவன் மறையுமுன் திருப்பித் தரவேண்டும். ஏனெனில் இரவில் அவருக்கு அதுதான் போர்வை.

இணைச்சட்ட நூல் இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. மாவரைக்கும் திரிகையை அடகு வாங்கக்கூடாது. அது ஒருவரின் உயிரையே அடகு வாங்குவதாகும் (இச 24:6). கடன் கொடுத்தவர் அடகுப்பொருளை எடுக்க வீட்டினுள் நுழையக்கூடாது. வெளியே நிற்கவேண்டும், கடன்பட்டவரே கொண்டுவந்து தருவார் (இச 24:10-11).

கவனியுங்கள்: கடனைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று கடவுள் சொல்லவில்லை. அடகு வாங்குவதையும் முழுவதும் தடுக்கவில்லை. கடன்பட்டவருக்கும் கடமை உண்டு. ஆனால் கடன் கொடுத்தவரின் உரிமை வாசற்படியோடு நின்றுவிடுகிறது. அதற்கு உள்ளே இருப்பது ஒரு குடும்பத்தின் மானம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பகுதிகளில் இன்றைய திரிகை எது? இட்லிக் கடை நடத்தும் அம்மாவின் கிரைண்டர், தையல் மெஷின், இஸ்திரி வண்டி, ஆட்டோ. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, பிழைப்புக்கான பொருள் போனால் ஒரு வீடு என்னவாகும் என்று கண்ணால் கண்டோம்.

கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனாலும் தண்டல்காரர் வாசலில் நின்று உரக்கப் பேசும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது. அந்தத் தண்டல்காரர் வேறு யாரோ அல்லர். சில நேரங்களில் ஞாயிறன்று நம்மோடு நற்கருணை வாங்குபவராகவும் இருக்கிறார் என்பதுதான் நம்மை வருத்தும் உண்மை.

எனவே இந்த வாரம் மூன்றைச் செய்வோம். நமக்குக் கடன்பட்டவரைப் பிறர் முன்னிலையில் கேட்காதிருப்போம். பிழைப்புக்கான பொருளை அடகாகப் பிடித்து வைத்திருந்தால் திருப்பித் தருவோம். நம் அன்பியத்தில் மருத்துவத்திற்கோ பள்ளிக் கட்டணத்திற்கோ தவிப்பவருக்கு, வட்டியில்லாமல் கைகொடுக்க ஒன்றுகூடுவோம்.

போர்வையில்லாத ஏழை கூக்குரலிட்டால் தாம் கேட்பதாக ஆண்டவர் கூறுகிறார், ஏனெனில் அவர் இரக்கமுள்ளவர். அந்தக் குரல் நம்மீது முறையீடாக எழாமல், நமக்காக மன்றாட்டாக எழட்டும். ஆமென்.