நட்சத்திரம் சூட்டும் கைகள்

சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடைபெறும் ஒவ்வொரு முறையும், மறுநாள் நாளிதழ்களில் அணிவகுப்பைக் காட்டிலும் வேறொரு காட்சியே அதிக இடம் பிடிக்கிறது. புதிய சீருடையில் விறைப்பாக நிற்கும் இளைஞரின் தோள்பட்டையில் அவருடைய தாய் நட்சத்திரத்தைப் பொருத்துகிறார். மறு தோளில் தந்தையின் கை. அந்தப் படத்துக்கு எந்த மொழியிலும் விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆனால், அந்தத் தாயின் பெருமிதத்துக்குப் பின்னால் இருக்கும் நடைமுறைகளும் நிபந்தனைகளும் நிச்சயமாக விளக்கப்பட வேண்டியவை. மகனைப் படைக்கு அனுப்பிய பெற்றோரில் பலருக்கே அவை முழுமையாகத் தெரிவதில்லை.

இந்த நிகழ்வைப் படைத்துறையில் 'பிப்பிங்' என்கிறார்கள். 'பிப்' என்பது தோள் நட்சத்திரத்தைக் குறிக்கும் பழைய சொல். இந்திய ராணுவத்தில் அதிகாரியாகச் சேரும் ஒருவர் லெப்டினன்ட் நிலையில் பணியைத் தொடங்குகிறார். ஒவ்வொரு தோளிலும் இரண்டு நட்சத்திரங்கள். அதிகாரியாக நியமிக்கும் ஆணை குடியரசுத் தலைவரின் பெயரால் வழங்கப்படுவது. சட்டப்படி அதற்கு மேல் வேறெதுவும் தேவையில்லை. ஆயினும், அந்த அடையாளத்தை அணிவிக்கும் உரிமையைப் படைத்துறை குடும்பத்தாரிடம் விட்டிருக்கிறது. தந்தையை இழந்தவர்களுக்குத் தாயும் பாட்டியும் சேர்ந்து அணிவிப்பதுண்டு. தாயில்லாதவர்களுக்கு அத்தையோ அக்காவோ வருவதுண்டு.

இதே அகாதெமிக்குச் சீனப் போருக்குப் பிந்தைய நெருக்கடியில்தான் விதை போடப்பட்டது. 1962-இல் அதிகாரிகள் பற்றாக்குறையை உணர்ந்த அரசு, குறுகிய காலத்தில் அதிகாரிகளை உருவாக்க 1963-இல் இங்கு ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1988-இல் அது அகாதெமி என்னும் பெயர் பெற்றது. 1992-இல் பெண்களும் இங்கு பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டு, மறு ஆண்டு முதல் அணி அதிகாரிகளாக வெளிவந்தது. அணிவகுப்புத் திடலுக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. இங்கு பயிற்சி பெற்ற அவர், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் அமைதிப் படை நடவடிக்கையின்போது உயிர்நீத்து, பரம்வீர் சக்ர விருது பெற்றவர். தங்கள் பிள்ளைகள் நடைபோடும் திடல் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதை, பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

அணிவகுப்பின் முடிவில் பயிற்சியாளர்கள் ஒரு கோட்டைத் தாண்டி நடப்பார்கள். இந்தியில் அதற்கு 'அந்திம் பக்', அதாவது கடைசி அடி என்று பெயர். 'அந்திமக் கிரியை', 'அந்திமக் காலம்' என்றே கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்தப் பெயர் சற்று நெருடத்தான் செய்கிறது. பயிற்சியாளராக வைக்கும் கடைசி அடியே அதிகாரியாக வைக்கும் முதல் அடி என்பதுதான் அதன் பொருள். இருந்தாலும், திடலில் அந்தச் சொல் ஒலிபெருக்கியில் வரும்போது தமிழ்த் தாய் ஒருவருக்கு ஒரு கணம் நெஞ்சு துணுக்குறுவதைத் தவறென்று சொல்லிவிட முடியாது.

அந்தக் கோட்டை எட்டுவதற்குள் பயிற்சியாளர் கடந்து வருவது 49 வாரங்கள். அதற்கு முன்பே எழுத்துத் தேர்வு, ஐந்து நாள் நீளும் தேர்வு வாரிய நேர்காணல், கடுமையான மருத்துவப் பரிசோதனை எனப் பல வாயில்கள். தென்னிந்திய இளைஞர்கள் பலர் பெங்களூருத் தேர்வு மையத்துக்கு ஒருமுறைக்கு மேல் சென்று திரும்பியவர்களாகவே இருப்பார்கள். பயிற்சியில் ஓட்டம், ஆயுதப் பயிற்சி, சுமையுடன் நெடுந்தொலைவு நடை, வரைபடம் படித்தல், வெளிக்கள முகாம்கள் என ஒவ்வொரு நாளும் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். உடலுக்குச் சமமாக மனமும் சோதிக்கப்படுகிறது. தொடக்க வாரங்களில் வீட்டோடு பேசுவதற்கே கட்டுப்பாடு உண்டு. பேசக் கிடைக்கும் சில நிமிடங்களில் "நன்றாக இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறெதையும் பிள்ளைகள் சொல்வதில்லை. அந்த ஒரு சொற்றொடரின் குரல் ஏற்ற இறக்கத்தை வைத்தே தாய்மார்கள் மீதியை ஊகித்துக்கொள்கிறார்கள்.

வெளியில் அதிகம் பேசப்படாத ஒன்று, 'ரெலிகேஷன்' எனப்படும் பின்தள்ளல். நிர்ணயிக்கப்பட்ட உடல்தகுதியையோ பாடத்தகுதியையோ எட்டாதவர்கள், காயத்தால் நீண்ட நாள் பயிற்சியைத் தவறவிட்டவர்கள், அடுத்த அணியுடன் சேர்க்கப்படுவார்கள். உடன் சேர்ந்தவர்கள் நட்சத்திரம் சூடும் நாளில் இவர்கள் பார்வையாளர்களாக நிற்பார்கள். ரயிலில் முன்பதிவு செய்து, புதுச் சேலை வாங்கி, உறவினர்களிடம் நாள் சொல்லி வைத்த ஒரு தாய், இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை அக்கம்பக்கத்தாருக்கு எப்படி விளக்குவார்? பின்தள்ளப்பட்டுப் பின்னர் தேறிய ஒருவரின் தாய், முதல் முயற்சியிலேயே தேறியவரின் தாயைவிட ஒருபடி கூடுதலாகப் பெருமிதம் கொள்ள உரிமை உள்ளவர் என்பது என் எண்ணம்.

பரங்கிமலையில் மாறிவரும் இன்னொரு காட்சியையும் குறிப்பிட வேண்டும். பணியின்போது உயிரிழந்த படையினரின் மனைவியருக்கு அதிகாரி நிலைச் சேர்க்கையில் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 35 வயது வரை அவர்கள் விண்ணப்பிக்கலாம். மற்றப் பயிற்சியாளர்களுக்குத் திருமணத் தடை இருக்கும் அதே இடத்தில், இவர்களில் சிலர் சிறு குழந்தைகளைத் தாய்வீட்டிலோ மாமியாரிடமோ விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வருகிறார்கள். இங்கே பயிற்சியாளரே தாய். நட்சத்திரம் சூட்டுவது மகனின் பிஞ்சுக் கை. 'தாயின் பெருமிதம்' என்ற சொல்லின் திசையே இந்த இடத்தில் மாறிவிடுகிறது.

அதிகாரிகள் ஒருபுறமிருக்க, படையின் பெரும்பகுதி சிப்பாய்களால் ஆனது. தமிழகத்தைப் பொருத்தவரை, வெலிங்டனில் இயங்கும் மதராஸ் ரெஜிமென்ட் மையம் பல குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான பெயர். வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டையை, வீட்டுக்கு வீடு படைவீரர்கள் இருப்பதால், சுற்றுவட்டார மக்கள் 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். அத்தகைய ஊர்களிலிருந்து நீலகிரிக்குப் பேருந்து ஏறி வரும் தாய்மார்கள், மகன் தேசியக் கொடியின் முன் உறுதிமொழி ஏற்பதைக் காண்கிறார்கள். படைப்பிரிவு மையங்கள் சிலவற்றில் அன்று பெற்றோருக்கு 'கௌரவ் பதக்' என்னும் பதக்கம் அணிவிக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. மகனுக்கு இன்னும் ஒரு பதக்கமும் கிடைத்திராத நாளில் தாயின் மார்பில் பதக்கம் ஏறுகிறது. மிக நல்ல வழக்கம் இது. எல்லா மையங்களிலும் நிலைபெற வேண்டும்.

தாய்க்கும் போர்க்களத்துக்குமான உறவு என்றவுடன் நம் மேடைப் பேச்சாளர்கள் புறநானூற்றுக்குப் போய்விடுவார்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் காட்டிய தாயர் மறக்க முடியாதவர்கள்தாம். ஆனால், பொன்முடியாரின் பாட்டை மேற்கோள் காட்டுவோர் அதில் ஒரு பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். பெற்றுத் தருவது தாயின் கடமை என்று சொல்லும் அந்தப் பாட்டு, கொல்லனுக்கும் வேந்தனுக்கும்கூடக் கடமைகளைப் பங்கிட்டு வைக்கிறது. தாயின் பங்கு நிறைவேறியதைக் கொண்டாடும் நாளில், வேந்தனின் இடத்தில் இன்று இருக்கும் அரசின் பங்கு என்ன என்று கேட்பதும் அந்தப் பாட்டின் வழியில்தான்.

முதலில் பணிக்காலம். பரங்கிமலையில் தேறி வருவோர் குறுகிய காலப் பணி அதிகாரிகள். பத்தாண்டுகள் பணி, விரும்பினால் மேலும் நான்காண்டுகள். நிரந்தரப் பணி கிடைக்காதவர்கள் பணிக்கொடை பெற்றுக்கொண்டு, ஓய்வூதியம் இல்லாமல் வெளியேற வேண்டும். 'பிள்ளை ராணுவ அதிகாரி, இனிக் கவலையில்லை' என்று மகிழும் தாய், முப்பத்தைந்து வயதையொட்டி அவர் இன்னொரு வேலை தேட வேண்டியிருக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பெண் அதிகாரிகளுக்கு இந்த நிரந்தரப் பணி உரிமையே, 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் பரவலாகக் கைக்கு எட்டியது.

சிப்பாய் நிலையில் மாற்றம் இன்னும் கூர்மையானது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, பதினேழரை வயதிலிருந்து 21 வயது வரையிலானவர்கள் நான்காண்டுகளுக்கு மட்டும் சேர்க்கப்படுகிறார்கள். முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டில் 40,000 ரூபாய். அதில் 30 விழுக்காடு சேமநிதிக்குப் பிடிக்கப்பட்டு, அரசும் அதற்கு ஈடான தொகையைச் செலுத்துகிறது. முடிவில் வட்டியுடன் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியமோ பணிக்கொடையோ இல்லை. பணியில் தொடர்வோர் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர். முதல் அணியினரின் நான்காண்டுகள் 2026-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி நிறைவடைகின்றன.

2023 மார்ச் 28 அன்று ஒடிஸாவின் சில்கா கடற்படைத் தளத்தில் கடற்படை அக்னிவீரர்களின் முதல் அணி, வழக்கத்துக்கு மாறாக, சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகு நடந்த அணிவகுப்பில் தேறி வந்தபோது பெற்றோர் அடைந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால், வெளியேறப்போகும் முக்கால் பங்கினரின் தாய்மார்கள் இருபத்தைந்து வயதுக்குள் வீடு திரும்பும் 'முன்னாள்' வீரர்களை வரவேற்க வேண்டியவர்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 விழுக்காடு இடஒதுக்கீடு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அறிவிப்பு எத்தனை பேருக்குப் பணி நியமனமாக மாறுகிறது என்பதைப் பொருத்தே, பயிற்சி நிறைவு நாளில் அந்தத் தாய் கொண்ட பெருமிதம் எத்தனை காலம் நிலைக்கும் என்பது தெரியவரும். படையை இளமையாக்கும் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. அதன் விலையை முழுக்கக் குடும்பங்களே ஏற்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

இவற்றையெல்லாம்விட வருத்தம் தரும் ஒரு நிலை உண்டு. பயிற்சியின்போதே முதுகுத்தண்டிலோ தலையிலோ படுகாயம் அடைந்து, உடல்தகுதி இல்லை என்று வெளியேற்றப்படும் அதிகாரிப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். வழக்கமான முறையில் சேர்ந்த சிப்பாய் ஒருவர் பயிற்சியில் முடமானால், சேர்ந்த நாள் முதலே அவர் படையினராகக் கருதப்படுவதால் ஊன ஓய்வூதியத்துக்கு உரியவர். அதிகாரிப் பயிற்சியாளரோ நட்சத்திரம் சூடும் வரை படையினர் அல்லர். எனவே, ஊனமுற்று வெளியேறும் அவருக்கு ஓய்வூதியம் இல்லை, கருணைத்தொகை மட்டுமே. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. கடைசி அடிக்கு ஒரு வாரம் முன்பு விழுந்தவருக்கும் இதே விதிதான்.

2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தாமாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்ட பிறகே நாட்டின் கவனம் இவர்கள் பக்கம் திரும்பியது. 1985 முதல் ஏறத்தாழ 500 பேர் இவ்வாறு வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள். அந்த மாத இறுதியில், முன்னாள் படையினருக்கான மருத்துவத் திட்டத்தின் பயனை இவர்களுக்கும் நீட்டிப்பதாக அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்க தொடக்கம் அது. ஆனால், அதற்கு நாற்பதாண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த ஆண்டுகளில் இந்த இளைஞர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியவர்களில் பெரும்பாலோர் தாய்மார்களே. அவர்களுக்கு நட்சத்திரம் சூட்டும் வாய்ப்பும் கிடைக்கவில்லை, பதக்கமும் கிடைக்கவில்லை. சிப்பாய்க்கு உள்ள ஊன ஓய்வூதிய உரிமையைப் பயிற்சியாளருக்கும் நீட்டிப்பது கருவூலத்துக்குப் பெருஞ்சுமை ஆகிவிடாது. பயனாளிகளின் எண்ணிக்கை அவ்வளவு சிறியது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய மற்றொன்று, வாரிசுப் பதிவு. திருமணமான படைவீரர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கே உரியது. திருமணமாகாதவரின் பெற்றோருக்குத் தனி விதிகள் உள்ளன. இது நியாயமான ஏற்பாடே. அதே சமயம், ராணுவக் குழுக் காப்பீடு, சேமநலநிதி போன்றவற்றில் பெற்றோருக்கும் பங்கு எழுதி வைக்கப் படைவீரருக்கு வழியுண்டு. பணியில் சேரும்போது நிரப்பிய படிவத்தைத் திருமணத்துக்குப் பின் புதுப்பிக்கும் வேளையில், மனைவிக்கும் தாய்க்கும் உரிய பங்கை வெளிப்படையாகப் பேசி எழுதிவிட்டால், பின்னாளில் இரண்டு பெண்கள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்க வேண்டிய அவலம் நேராது. இதைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்று நம் வீடுகளில் தள்ளிப்போடுகிறார்கள். படைப்பிரிவு அலுவலகத்தில் இது ஒரு வழக்கமான படிவம் மட்டுமே. ஐயம் இருப்பவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகிக் கேட்டுக்கொள்ளலாம்.

நட்சத்திரம் சூடியவர்களுக்குச் சில நாள் விடுப்பு கிடைக்கும். அதன் பிறகு லடாக்கோ ராஜஸ்தானோ அசாமோ, ஆணையில் குறிப்பிட்ட இடத்துக்குப் புறப்பட்டாக வேண்டும். அந்த விடுப்பில் ஒரு மாலையை ஒதுக்கி, மேற்சொன்ன படிவங்களைத் தாயும் மகனுமாக உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுவது நல்லது.